மாத்திரை போட்டியா?

குக்கர் மூடி பறந்துபோய்ச் சுவரில் மோதி, நாட்காட்டியில் இருந்த பூனையின் முகத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்த கதையைப் பெரியவள் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்ததும் வகுப்பே சிரித்தது. உளவியல் பாடம் நடத்தும்போது, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில், ஐம்பது பேரைச் சிரிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பலகையில் ஒரு மனித உருவம் வரைந்து, கழுத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"மூடிய எறிஞ்சது என் தங்கச்சி இல்ல. இந்தத் தைராய்டு சுரப்பி. ஒருத்தர் செய்யிறதுக்கு உடம்புல ஒரே ஒரு காரணத்தக் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் அதுக்குள்ள அடக்குறது ஒரு வழி. அந்த ஆள், வீடு, வாழ்க்கைன்னு சேர்த்து முழுசாப் பார்க்கிறது இன்னொரு வழி. பரீட்சைக்கு ரெண்டும் வேணும்."

அந்தத் தங்கை, சின்னவள், அவளைவிட ஆறு வயது இளையவள். அம்மா இறந்தபின் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்த ஒரு வருடத்தில் உடம்பு இளைத்தது, கை நடுங்கியது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் இருந்தது, பக்கத்தில் அளவு சரியில்லை என்று காட்டும் நட்சத்திரக் குறியும் இருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. அந்தக் குறியைப் பார்த்ததும் பெரியவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதன்பிறகு சின்னவள் குரல் உயர்ந்தால், தட்டைப் பாதியில் தள்ளிவைத்தால், ஜன்னலோரம் கொஞ்சம் அதிக நேரம் நின்றால்கூட, "மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள். அன்பாகத்தான் கேட்பாள். பெரியவளின் கணவர் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே, சின்னவளைக் கண்ணால் காட்டி, "இன்னைக்கு வானிலை எப்படி?" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சின்னவளும் முதலில் சிரித்தாள்.

"மேடம், அன்னைக்கு என்ன நடந்துச்சு?" முன் வரிசைப் பெண் கேட்டாள்.

"என்னைக்கு?"

"மூடிய எறிஞ்ச அன்னைக்கு. அந்தச் சுரப்பி அதுக்கு முந்தின நாளும் இருந்துச்சுல்ல. அன்னைக்கு மட்டும் ஏன் எறிஞ்சாங்க?"

நல்ல கேள்வி என்று பாராட்டத்தான் பெரியவள் வாயெடுத்தாள். அப்போதுதான் அந்த முந்தின நாள் நினைவுக்கு வந்தது. சின்னவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஃபோன் அடித்தது. நூலகத்திலிருந்து பேசினார்கள், வேலைக்குத் தேர்வாகிவிட்டாள், திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்கள். "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க. இப்ப தோதுப்படாது, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று பெரியவள் சொல்லிவிட்டாள். பாவம், அலைய வேண்டாமே என்றுதான் சொன்னாள். மூன்றரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்றும் நினைத்தாள். தனக்கு அன்று தலைவலி. அவளாகப் போய் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற எரிச்சலும் இருந்தது. தான் செய்த ஒரு காரியத்துக்கு இத்தனை காரணங்களை அவளால் அடுக்க முடிந்தது. தங்கைக்குக் கொடுத்தது கழுத்தில் ஒரு வட்டம்.

அப்போதுதான் பின்வாசலைப் பார்த்தாள். பெரியவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்தபடி சின்னவள் நின்றிருந்தாள். கதையில் பூனை கிழிந்த இடத்துக்கு முன்பே வந்தாளா, பின்னாலா தெரியவில்லை. அவளும் அந்தக் கேள்விக்கான பதிலுக்குத்தான் காத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. முன் வரிசைப் பெண்ணுக்கு இருந்த அதே ஆர்வம்தான் இருந்தது.

"ஞாபகமில்ல" என்றாள் பெரியவள்.

சின்னவள் கண்ணாடிக் கூட்டைக் கடைசி மேசையில் ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். மிச்சமிருந்த இருபது நிமிடமும் பெரியவள் பலகையைப் பார்த்தே பேசினாள்.

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் கூடத்தில் முக்காலி போட்டு ஏறி, எரிந்துபோன பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முக்காலிக்கு ஒரு கால் குட்டை. பெரியவள் பையை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சின்னவளின் குதிகால் கண்ணுக்கு நேராக இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் குதிகாலிடம் சொல்லலாம் போலிருந்தது.

"லைப்ரரியில அப்படிச் சொன்னது நான்தான்."

"தெரியும். மறுநாள் காலையில நானே ஃபோன் போட்டேன். உங்க அக்காதான் வேண்டாம்னாங்கன்னு சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன்டி கேக்கல?"

மேலே பல்பு திருகும் சத்தம் நின்றது.

"கேட்டேன். அன்னைக்கே, லைப்ரரியில இருந்து ஃபோன் வந்துச்சாக்கான்னு கேட்டேன். மாத்திரை போட்டியான்னு கேட்ட. சரி, காதுல விழல போலன்னு இன்னொரு தடவ கேட்டேன். அதையே கேட்ட." பிறகு தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். "கையில மூடி இருந்துச்சு."

பெரியவள் எதையோ சொல்ல நினைத்தாள். வாய்க்கு முதலில் வரப்போவது மறுபடியும் அந்த மாத்திரைக் கேள்வியாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டாள். சின்னவள் கழற்றிய பல்பைத் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு, கீழே பார்க்காமலே, புதியதை வாங்கக் கையை நீட்டினாள். அட்டைப்பெட்டி எட்டும் தூரத்தில், நாற்காலியின் மேல் இருந்தது. எடுக்க வேண்டுமானால் முக்காலியிலிருந்து ஒரு கையை விட வேண்டும். பெரியவள் இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றாள். தலைக்குமேல் அந்த உள்ளங்கை விரிந்து காத்திருந்தது, லேசாக நடுங்கிக்கொண்டு.