பல் உடையாத ஒன்பது ஸ்டாம்புகள்

தபால் ஸ்டாம்ப் சேர்க்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அதில் பறவை இருக்கும், பாலம் இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள். நான் சேர்ப்பது ரெவின்யூ ஸ்டாம்ப். ரசீதிலும் பத்திரத்திலும் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டதோடு எல்லோரும் மறந்துவிடும் சமாசாரம். "ஊர் உலகம் பணத்தைச் சேர்க்குது, நீங்க யாரோ கட்டின வரியைச் சேர்க்கிறீங்க" என்பாள் என் மனைவி. நியாயம்தான். பித்துக்கு நியாயம் தெரியுமா?

அந்தப் பித்துதான் என் அண்ணனைக் கெடுத்தது. அவன் ஒரு அரசு அலுவலகத்தில் பதிவறைக் குமாஸ்தா. எரிக்கப் போகிற பழைய கட்டுகளிலிருந்து ஸ்டாம்பை மட்டும் எடுத்துக் கொடு என்று நான்தான் நச்சரித்தேன்.

"ஆபீஸ் காகிதத்துல கை வைக்கக் கூடாதுடா."

நான் விடவில்லை. நான் கேட்டால் அவனுக்கு இல்லை என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மூன்றாவது தடவை எடுத்தபோது பிடிபட்டான். பழைய ஸ்டாம்பைக் கழுவி மறுபடி விற்கிறான் என்று எழுதிவிட்டார்கள்.

"நீ வந்து, ஆல்பத்துக்காக நான்தான் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்" என்றான்.

நானும் அரசு ஊழியன், டைப்பிஸ்ட். விசாரணை நாளன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். அண்ணனுக்கு வேலை போயிற்று. அதன்பிறகு ஒன்பது வருடம் அவனும் வரவில்லை, எந்த முகத்தோடு போவது என்று நானும் போகவில்லை. போன மாதம் செத்துப்போனான்.

நேற்று அண்ணி வந்தார். உட்காரக்கூட இல்லை. ஒரு துணிப்பையை மேஜையில் வைத்தார்.

"உங்களுக்குன்னு அவர் எடுத்து வெச்சிருந்தது தம்பி. வருஷத்துக்கு ஒண்ணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பைக்குள் நான்காக மடித்த ஒன்பது தாள்கள். ஒவ்வொன்றின் வாயையும் ஒரு ஸ்டாம்ப் மூடியிருந்தது. அத்தனையும் என் ஆல்பத்தில் இருபது வருடமாகக் காலியாகக் கிடக்கும் கட்டங்களுக்கு உரியவை. எத்தனை பழைய காகிதக் கடைகளில் ஏறி இறங்கினானோ! ஒன்றின்மேலும் கையெழுத்து இல்லை. ஸ்டாம்ப் மடங்காமலிருக்கக் கிடைத்த தாளில் ஒட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் பிரித்திருப்பார்கள். நான் எப்படிக் கிழிப்பேன்? ஓரத்தில் ஒரு பல் உடைந்தாலும் ஸ்டாம்ப் செல்லாக்காசு. அகலத் தட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, ஒன்பதையும் மடித்தது மடித்தபடியே மிதக்கவிட்டேன்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் நீலமாயிற்று. அப்போதும் புத்தி வரவில்லை. சாயம் ஏறிவிடப் போகிறதே என்று ஸ்டாம்புகளைத்தான் முதலில் காப்பாற்றினேன். பிறகுதான் தாள்களைப் பிரித்தேன். வரிவரியாக நீலக் கறை. ஒன்றின் தலைப்பில் மட்டும் 'தம்பிக்கு' என்று பேனா முள் கீறிய தடம் இருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், இஸ்திரி போட்டுப் பார்த்தேன். வேறு ஒரு எழுத்தும் தேறவில்லை. என்னைத் திட்டியிருந்தானா, மன்னித்திருந்தானா, இனி யாரிடம் கேட்பது? தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை அண்ணி போன் செய்தார்.

"பிரிச்சீங்களா தம்பி?"

"பிரிச்சேன் அண்ணி."

"கிழிச்சுத்தானே?"

எனக்குப் புரியவில்லை.

"இப்படி ஒட்டினா தம்பி எப்படிங்க பிரிப்பார்னு நான்கூடக் கேட்டேன். 'கிழிச்சுத்தான் பிரிக்கணும். எனக்காக என் தம்பி ஒரே ஒரு ஸ்டாம்பைக் கிழிச்சான்னா போதும், பழசெல்லாம் தீந்துபோச்சு'ன்னார். அப்ப அனுப்புங்கன்னா, 'கிழிக்கலேன்னா நான் தாங்க மாட்டேன்'னு பெட்டிக்குள்ளயே வெச்சிடுவார். வருஷா வருஷம் இதே கூத்துதான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கிழிச்சீங்கல்ல தம்பி?"

"கிழிச்சேன் அண்ணி" என்றேன். "ஒன்பதையும்."

"நான் அப்பவே சொன்னேன், கிழிப்பார்னு. அந்த மனுஷன்தான் நம்பாமலே போயிட்டார்" என்று அண்ணி அழுதார். அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தார்.

போனை வைத்தேன். மேஜைமேல் பழைய செய்தித்தாளில் ஒன்பதும் நன்றாகக் காய்ந்திருந்தன. ஒன்றிலும் ஒரு பல்கூட உடையவில்லை.