மாதிரி வகுப்பு

முதல் சாக்பீஸ் கணக்கு டீச்சரின் காதை உரசிப் போய்க் கரும்பலகையில் மோதித் தெறித்தது. எறிந்தவர் ஆசிரியர் தேர்வுக் குழுவின் தலைவர். நகரத்துப் பிள்ளைகள் வகுப்பில் எப்படியெல்லாம் படுத்துவார்கள் என்று தடியாக ஒரு புத்தகம் போட்டவர். எந்த வகுப்புக்குள்ளும் கால் வைக்காமலே போட்டது அதன் தனிச்சிறப்பு. வேலைக்கு வருகிறவர் பாடம் நடத்த, குழுவினர் மாணவர்களாக உட்கார்ந்து அட்டகாசம் செய்யும் இந்தத் தேர்வும் அவர் கண்டுபிடிப்புதான். மாணவன் மேல் கை வைத்தால் வேலை கிடையாது, அத்தோடு சரி.

கணக்கு டீச்சருக்கு அது தெரியும். இத்தனை வருடமும் தற்காலிக வேலை. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். திரும்பிப் பார்க்காமல் பின்னத்தை எழுதிக்கொண்டே போனாள்.

“மிஸ்ஸு, உனக்கே கணக்கு வருமா?”

மாணவியாகத் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, “போதும் சார், பாவம்” என்று கிசுகிசுத்தார்.

“நான் இப்ப சார் இல்லம்மா. ரவுடிப் பய.”

டஸ்டர் பறந்தது. திரும்பியவளின் புருவத்தை மரமுனை கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, “உக்காருப்பா, பாடத்தைப் பாக்கலாம்” என்றாள். தலைவர் தாளில் ‘பொறுமை: நன்று’ என்று குறித்தார். மிக நன்றுக்கு இன்னும் இடமிருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து தலைமையாசிரியையின் பிடரியைப் பிடித்து மேசையில் மோதினார்.

“இவ என்னைக் காட்டிக் குடுக்கறா மிஸ்!”

மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. இன்னொரு தடவை மோதினார்.

“சார்... நெஜமாவே வலிக்குது சார்.”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். நேராக வந்தாள். அவர் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். மளுக்கென்றது. அவர் அலறினார். அன்று முழுவதும் அவர் உருப்படியாகப் பையனாக நடித்தது அந்த ஓர் அலறலில்தான்.

“உக்காரு.”

உட்கார்ந்தார்.

அவள் கரும்பலகைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். தலைமையாசிரியை வீங்கிய நெற்றியோடு தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“உங்களால எழுத முடியாது. சொல்லுங்க சார், என்ன போடட்டும்?”

“ரூல்படி...” என்று ஆரம்பித்தார் தலைவர்.

“அங்க என்ன பேச்சு?” என்றாள் டீச்சர், திரும்பாமலே.

பேனா தாளுக்கு மேல் நின்றது. தலைவர் உடையாத கையை மெல்ல உயர்த்தினார், வெளியே போய்வர அனுமதி கேட்கிறவரைப்போல. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கை உயர்ந்தபடியே இருந்தது.