தடுப்பின் மேல் இருந்த கதிரை

வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. என் மனைவி மதனி செத்த பிறகு எனக்கு ஒன்று போதும். மற்றது வழியில் நின்று காலில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு திங்கட்கிழமை அதைக் குண்டசாலையிலிருந்து முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாடசாலையில் சிவமணியிடம் கொடுத்தேன். இரக்கப்பட்டுக் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் இடம் வேண்டும் என்றுதான் கொடுத்தேன்.

சிவமணி எங்கள் பாடசாலையில் துப்புரவு வேலை செய்தவர். நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து விடிய முன்னம் பஸ் ஏறி வருவார். இரண்டாம் மாடி நடைபாதை அவருடைய பொறுப்பு. காலில் நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேல் ஒரு புண் ஆறாமலே இருந்தது. மாணவர் கண்ணில் படும் இடத்தில் துப்புரவுப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அவர்களை அனுப்பும் கம்பனியின் விதி. அதனால் துடைத்து முடித்த பிறகும், என் வகுப்பறைக் கதவுக்கு வெளியே சுவரில் முதுகைச் சாய்த்தபடி நிற்பார். உள்ளே நான் அமெரிக்க வரலாறு நடத்துவேன். பிள்ளைகள் லண்டன் சோதனைக்கு எடுக்கும் பாடம் அது. மாதக் கட்டணத்தைக் கேட்டால் கண்டியில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கட்டுவார்கள்.

"இத எங்க வைக்கிறது சேர்?" என்று சிவமணி கேட்டார்.

"விரும்பின இடத்தில வையுங்கோ. எறியிற கதிரைதான். வீட்டில இடமில்லை."

அவர் கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சம்சாரத்தோடதா?"

"ஓம்."

"நீங்க தந்ததுன்னு சொல்ல மாட்டேன். குப்பையில கெடந்துச்சுன்னு சொல்றேன். யாராச்சும் கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன்.

அவர் அதைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வைத்தார். நடைபாதையில் ஆளில்லாதபோது உட்காருவார். காலடிச் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார். கம்பனியின் மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டபோது சிவமணி, குப்பையில் கிடந்தது என்று சொல்லியிருக்கிறார். அவரும் விட்டுவிட்டார்.

அந்தப் பாடசாலைத் தவணையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஆங்கில நாடகம் போட வேண்டியிருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். அமெரிக்காவில் ஒரு உருக்காலை, 1892. சம்பளத்தைக் குறைக்க விடமாட்டோம் என்று தொழிலாளர் நின்றார்கள். நிர்வாகம் ஆலையைச் சுற்றி உயரப் பலகை வேலி அடித்து அவர்களை வெளியே விட்டுப் பூட்டியது. கூலிக்குக் காவலாட்களைப் பிடித்து, ஆற்று வழியே படகில் அனுப்பியது. கரையில் சண்டை. இரண்டு பக்கமும் செத்தார்கள். பிறகு படை வந்தது. தொழிலாளர் தோற்றார்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் தொழிலாளராக நடிக்கத்தான் ஆசை. முதலாளி வேடத்துக்கு ஒருவரும் வரவில்லை.

"ஏன், உங்களில ஒருத்தருக்கும் முதலாளி சரிவராதோ?" என்று கேட்டேன்.

"வீட்டில ஒருத்தர் இருக்கார் சேர். அது போதும்," என்றாள் தர்ஷிகா. வகுப்பே சிரித்தது.

தர்ஷிகாவின் அப்பா கிருஷ்ணராஜ்தான் அந்தக் கம்பனியின் சொந்தக்காரர். எங்கள் துப்புரவுப் பெண்கள், வாசல் காவல், எல்லாம் அவர் அனுப்பும் ஆட்கள். தர்ஷிகா வேலைநிறுத்தத் தலைவியாக நடித்தாள். நன்றாகவும் நடித்தாள். மேடைச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்காகச் சந்தித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கேள்விப்பட்டேன் சேர். டெங்குன்னாங்க. இந்த வயசுல. வேலையில எறங்கிருங்க, மனசு லேசாகும்." கையை விட்டார். "அந்த ஆலை மொதலாளி நெசவு வேலை செஞ்சவரோட மகனாமே? தர்ஷிகா சொன்னா. கஷ்டப்பட்டு மேல வந்தவரு. அதையும் கொஞ்சம் போடுங்க."

போட்டேன்.

கரைச் சண்டைக் காட்சிக்குப் பிள்ளைகள் மேடையில் ஒரு தடுப்பு கட்டினார்கள். உடைந்த மேசை, ஏணி, குப்பைவாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் குவித்துக் கயிற்றால் கட்டினார்கள். உச்சியில் ஒரு கதிரை. யார் எங்கிருந்து எடுத்தது என்று நான் கவனிக்கவில்லை. அந்தக் கதிரைக்கு எதிரே இருந்து சில வருடம் சாப்பிட்டவன் நான்.

வியாழன் பின்னேரம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சிவமணி வாளியோடு மண்டபத்துக்குள் வந்தார். மேடையைப் பார்த்து நின்றார்.

"அது என்னோட கதிரை. செவ்வாக்கிழமையில இருந்து தேடுறேன்."

மேலே ஏறி நின்ற பையன் சொன்னான், "இது நாடகத்துக்கு, ஆன்ட்டி."

"எறக்குங்க தம்பி."

தர்ஷிகா கழுத்தில் சிவப்புத் துணியோடு கீழே இறங்கி வந்தாள். "சனிக்கிழமை முடிஞ்சிரும் அக்கா. பிறகு எடுங்க. இப்ப எடுத்தா எல்லாம் சரிஞ்சிரும்."

"அது வரைக்கும் நான் நிக்கணுமா?"

"ரெண்டு நாள்தானே. நாங்க உங்கள மாதிரி ஆக்களுக்காகத்தானே இத நடிக்கிறோம்."

"அப்ப எறக்குங்க."

யாரோ சிரித்தார்கள். தர்ஷிகாவின் முகம் சிவந்தது. சிவமணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாங்குப் பலகையில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பையன் கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டான். இவர் இந்தப் பக்கம் இழுத்தார், அவன் அந்தப் பக்கம் இழுத்தான். ஏணி வழுக்கியது. தடுப்பு பாதிக்குச் சரிந்து அட்டை வேலியைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. ஒருவருக்கும் அடியில்லை. கதிரை சிவமணியின் கையில் இருந்தது.

"சிவமணி, எறங்குங்க."

கிருஷ்ணராஜ் கதவடியில் நின்றார். தொழிலாளர் வேடத்துக்குப் புதுக் கோட்டுகள் கொண்டுவந்திருந்தார். குரல் உயரவில்லை.

"யாரோட கதிரை அது?"

"குப்பையில கெடந்துச்சுங்க ஐயா."

"ஸ்கூல் குப்பையில கெடந்தா ஸ்கூல் சாமான். கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு?"

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களவு என்ற சொல் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"அது ஸ்கூலின்ர இல்லை," என்றேன். "என்ர கதிரை. நான்தான் அவவுக்குக் குடுத்தனான்."

சிவமணி திரும்பினார். பின்னாலிருந்து தள்ளிவிட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கிருஷ்ணராஜ் லேசாகச் சிரித்தார். "நல்லது சேர். உண்மையச் சொன்னீங்க." பிறகு சிவமணியிடம், "குப்பையில எடுத்ததுன்னா ஏசிட்டு விட்டிருப்பேன். டீச்சர்மார்கிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு சேரும்போதே சொன்னோமா, இல்லையா?"

"சொன்னீங்க."

"வாங்கியும் இருக்கீங்க. பொய்யும் சொல்லியிருக்கீங்க."

"ஒரு கதிரைதானே," என்றேன் நான். "அவவின்ர காலைப் பார்த்தனீங்களோ?"

"எங்கம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க சேர். வேலை நேரத்துல அவங்க உக்காந்து நான் பார்த்ததே இல்ல. அட்டை கடிச்ச காலோட நிப்பாங்க."

"அது நல்லதோ?"

"நல்லதா கெட்டதான்னு உங்கள மாதிரி படிச்சவங்க சொல்லுங்க. நான் ஆள் அனுப்புறவன்." கோட்டுப் பொதியை ஒரு மேசையில் வைத்தார். "சிவமணி, நாளையில இருந்து வர வேணாம்."

"அப்பா," என்றாள் தர்ஷிகா.

"நீ உன் வேலையப் பாரு."

அவள் போய் ஏணியைத் தூக்கி நிமிர்த்தினாள். மற்றவர்களும் சேர்ந்து தடுப்பைத் திரும்பக் கட்டினார்கள். கதிரையைச் சிவமணி மேடையிலேயே விட்டுவிட்டார். அவர்கள் அதை மறுபடி உச்சியில் வைத்தார்கள்.

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

"களவெண்டு சொல்லப்போறார் எண்டு நினைச்சன்."

"சொல்லட்டுமே. சொல்லிட்டு, கத்திட்டுப் போயிருப்பாரு. களவுன்னா போலீஸ் வரும், ஸ்கூல் பேரு கெடும். அத அவரு செய்வாரா? எனக்கே பயமில்ல, உங்களுக்கு என்ன பயம்?"

"உண்மையைச் சொன்னா..."

"உண்மைய நீங்களே வச்சிக்குங்க சேர். கால் நல்லாருக்குன்னு பொய் சொல்லித்தான் இந்த வேலையில சேந்தேன். பொய் சொல்லித்தான் நின்னேன். ஒரு பொய் சொல்லுங்கன்னு உங்ககிட்ட கேட்டேன். ஒண்ணே ஒண்ணு."

அவர் இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"வீட்ல எடமில்லன்னுதானே எனக்குத் தந்தீங்க. இப்ப எடம் கெடச்சிருச்சா?"

"ஓம்," என்றேன். அது உண்மை.

சனிக்கிழமை மற்றத் துப்புரவுப் பெண்கள் நான்கு பேரும் உள்ளே வரவில்லை. வாசலில் சிவமணியோடு நின்றார்கள். மண்டபத்துக் கழிப்பறைகள் காலையிலிருந்தே நாறின. பாடசாலை அதிபர் தொலைபேசியில் கத்தினார். வாசல் காவலாளி கறுப்பையாவும் கிருஷ்ணராஜின் ஆள்தான். அவர் படலையைச் சாத்தி வைத்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்கம்மா, என் சோத்துலயும் மண்ணப் போடாதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒஞ் சோத்துல மண்ணு இப்பத்தானா விழுது? முழுங்கி முழுங்கிப் பழகிட்ட," என்றாள் ஒருத்தி. கறுப்பையா மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் திகனவிலிருந்து ஒரு வேன் வந்தது. உள்ளே வேறு பெண்கள், மடியில் துடைப்பங்கள். ஐந்து பேரும் வேனுக்கு முன்னால் போய் நின்றார்கள். பின்னால் பெற்றோரின் கார்கள் சேர்ந்து மலைச்சரிவு முழுக்க வரிசையாகின. ஹோன் சத்தம். ஒருவர் கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் ஏசினார். இன்னொருவர் ஆங்கிலத்தில் ஏசினார். சிவமணி தெருவில் உட்கார்ந்தார். எல்லோர் கண்ணிலும் படும்படி அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் மேடைக்குப் போய்க் கதிரையை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். தார் சுட்டுக்கொண்டிருந்தது.

"அத என் கண்ணுல காட்டாதீங்க," என்றார் அவர்.

"நிலம் சுடுது."

"சுடட்டும். உள்ள போங்க சேர். உங்களுக்கு நாடகம் இருக்கு."

பொலிஸ் ஜீப் வந்ததும் சிவமணி எழும்பினார், மற்றப் பெண்களும் வழிவிட்டார்கள். அவர்களை யாரும் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. வேன் உள்ளே போனது. கார்கள் அதன் பின்னால் போயின. கதிரையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

நாடகம் நேரத்துக்குத் தொடங்கியது. கழிப்பறைகளில் எலுமிச்சை வாசம். அட்டைப் படகுகள் வந்தன, பிள்ளைகள் தடுப்பின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். தர்ஷிகா பேசும்போது அவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒத்திகையில் அப்படி உடைந்ததில்லை. பார்வையாளர் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் வரிசையில் கிருஷ்ணராஜ் எழும்பி நின்று கைதட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தோற்ற தொழிலாளர், இனிச் சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டு வேலைக்குத் திரும்புவதோடு நாடகம் முடிய வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். அதிபர் அதை வெட்டச் சொன்னார். முதலாளி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுப்பதோடு முடித்தோம். அதுவும் நடந்ததுதான்.

திங்கட்கிழமை அந்த நான்கு பெண்களையும் ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போனார்கள். சிவமணியைக் கூப்பிடவில்லை. என்னையும் யாரும் கூப்பிடவில்லை. மனைவியை இழந்தவன், நிதானமில்லாமல் பேசிவிட்டான் என்று அதிபர் எனக்காகச் சொன்னாராம்.

தர்ஷிகா பாடத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கதிரையைப் பிள்ளைகள் என் வகுப்பறையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால், வழியில் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனேன். எங்கே வைப்பது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை.

வெளியே சுவரில் சாய்ந்தபடி ஒரு புதுப் பெண் நின்றார். வேனில் வந்தவர்களில் ஒருவர். நஸ்லியா என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. திகன ஆள், இருபத்தைந்து வயதிருக்கும். என் கையில் இருந்ததைக் கண்டதும் சுவரை விட்டு நிமிர்ந்து இரண்டடி தள்ளிப் போனார்.

"சேர்," என்றார். "அல்லாவுக்காகச் சொல்றேன், எனக்கு ஒண்டும் தந்துடாதீங்க."