பின்கதவடியில் தின்னும் சத்தம்

வேர்னருக்கு எண்பத்தொன்பது வயது, கண் தெரியாது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் காட்டை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. கொமூன என்ற நகரசபையிலிருந்து தினமும் காலையில் அவரைப் பராமரிக்கப் போகிறவள் நான். மேரிசெலின் என்ற என் பெயர் அவர் வாயில் மேரியோடு நின்றுவிடும். பெற்ற பிள்ளைகள் இரண்டும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்கென்று இருந்தது ஒரு கிழட்டுப் பூனை மட்டுந்தான். அதுவும் உள்ளே வராது, தொடவும் விடாது; பின்கதவடியில் தின்றுவிட்டுப் போய்விடும்.

ஜூனில் அந்தப் பூனையை நரி கொண்டுபோய்விட்டது. பின்கதவடியில் இரத்தமும் கொஞ்சம் மயிரும் கிடந்தன. கழுவிவிட்டேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போலத் தகரக் கிண்ணத்தில் பூனைச் சாப்பாட்டைப் போட்டு வெளியே வைத்தேன்.

மறுநாள் அந்த நரியே வந்து தின்றது. கிண்ணம் கல்லில் உரசும் சத்தம் கேட்டதும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. "காலை வணக்கம், செல்லம்" என்று கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எவளுக்கு உண்மை சொல்ல மனம் வரும்? மூன்று மாதம் நானே நரிக்குச் சோறு போட்டேன்.

நரிக்குப் பயம் விட்டுப்போனது. செப்டெம்பரில் அடுத்த வீட்டு ஸ்ரிபனின் மகள் வளர்த்த முயல்கள் இரண்டையும் தூக்கிவிட்டது. ஸ்ரிபன் மன்னார்க்காரன். வில்லால் வேட்டையாடச் சோதனை பாஸ்பண்ணி லைசன்ஸ் எடுத்தவன். நரி வேட்டைக் காலமும் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் காத்திருக்க வேர்னரிடம் அனுமதி கேட்டு வந்தான்.

"தாராளமாக. என் பூனையைப் பிடிப்பதற்குள் அதைக் கொன்றுவிடு" என்றார் வேர்னர்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் என் கையைத் தட்டிச் சிரித்தார். மூடிக்கொண்டேன், கோழை.

மறுநாள் காலை ஸ்ரிபன் ஆப்பிள் மரத்தடியில் இருந்தான். கிண்ணம் உரசியது. "காலை வணக்கம்" என்றார் வேர்னர். அம்பு பாய்ந்தது. ஒரு முனகல் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை.

"என் பூனை!" கிழவர் அலறினார். "என் பூனையைக் கொன்றுவிட்டான்! பொலிசைக் கூப்பிடு, மேரி!"

ஸ்ரிபன் செத்த நரியோடு ஓடிவந்தான். "இது நரி, நரிதான்" என்று டேனிஷில் திரும்பத் திரும்பச் சொன்னான். வேர்னர் நம்பவில்லை. தின்றுகொண்டிருந்தது தன் பூனை என்று அவருக்கு நிச்சயம்.

"அக்கா, என்ர லைசன்ஸ் போகப்போகுது! இவருக்கு ஏதும் சொல்லுங்கோவன்!"

சொன்னேன், ஜூனிலிருந்து எல்லாவற்றையும்.

வேர்னர் அழவில்லை. நரியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். காதிலிருந்து வால்வரை மெல்லத் தடவினார்.

"மெலிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்" என்றார்.

 தன் பூனையைத் தின்ற நரியை அவர் தடவிக்கொண்டே இருந்தார்.