பேசி வெளியே கொண்டுவந்தவன்

ஆளைப் பிடித்து வைத்திருக்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்று போலீசில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "யோவ் சுந்தரமூர்த்தி, உனக்குத்தான் வாய் நீளம், தெலுங்கும் வரும், போய்ப் பேசு" என்பார்கள். அவ்வளவுதான் பயிற்சி. குடிகாரன், கிணற்றுக் கட்டையில் ஏறி நின்றவள், எல்லாருக்கும் நான்தான்.

எழுபத்து மூன்றில், ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருந்தது. மலைக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கஜபதியின் விசைத்தறிக் கொட்டகைக்குள் வீராசாமி தாழ் போட்டுக்கொண்டு, மேஸ்திரி மணவாளன் கழுத்தில் கத்தியை வைத்திருந்தான். கத்தி வலது கையில். இடது கையில் மூன்று விரல் இல்லை, இரண்டு மாதம் முன்பு தறி பெல்ட் எடுத்துக்கொண்டது.

"இன்னா வோணும் நைனா உனக்கு?" என்றேன் ஜன்னல் வழியாக.

"ஒம்போது வருசம் இங்க தறி ஓட்டிகினு இருந்தேன் ஏட்டய்யா. கை போனதும், நீ யாருன்னே தெரியாதுன்றாரு மொதலாளி. ஆமா, இவன் எங்கிட்ட வேலை செஞ்சவன்னு அவுரு வந்து சொல்லட்டும். வேற ஒண்ணும் வாணாம்."

கஜபதி தெருமுனையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். "வக்கீல் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா கை போன நஷ்டஈடு என் தலையில வுழும்" என்றார். உள்ளே சாகக் கிடந்தவன் அவருடைய சொந்த மேஸ்திரி. கழுத்தில் கத்தி இருப்பது மணவாளனுக்குத்தானே, அவருக்கு என்ன!

மூன்று மணி நேரம் ஜன்னலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். மணவாளனுக்கு அழுதழுது குரல் போய்விட்டது. கடைசியில் நான் சொன்னேன்: "அவுரு சொல்லாட்டி போவட்டும். தெனம் சைக்கிள்ல போறப்போ உன்ன தறியாண்ட பாத்தவன் நானு. எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் நான் சொல்றேன். உன் மேல ஒரு அடி வுழாது."

"கற்பூரம் அணைப்பியா?"

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் இல்லை. பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கி, அவன் பார்க்க ஜன்னல் கட்டையில் ஏற்றி, மலையைப் பார்த்து உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். வீராசாமி கத்தியை வெளியே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தான். சத்தியம் செய்தவனை நம்பிக் கைகூப்பிக்கொண்டே வந்தான், பைத்தியக்காரன்.

இன்ஸ்பெக்டரின் ஆட்கள் நாலு பேர் பாய்ந்தார்கள். "சார், வாணாம் சார், சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் சார்" என்று கத்தினேன்.

"சத்தியம் பண்ணது நீதானேய்யா, நானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவனுக்கு மிச்சமிருந்த நல்ல கையும் அன்றைக்கு உடைந்தது. நான் வீராவேசமாகப் பாய்ந்து மடக்கிப் பிடித்ததாக எழுதி, எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறினேன். கஜபதி முன்வரிசையில் இருந்தார். இன்ஸ்பெக்டர் வாசலிலேயே, "எழுதி வெச்சத மட்டும் சொல்லு. ரெண்டு வருசத்துல ரிட்டையர் ஆவப்போற, ஞாபகம் வெச்சுக்கோ" என்றிருந்தார்.

வீராசாமியின் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "இவர் அந்தக் கொட்டகையில் வேலை செய்தது உங்களுக்குத் தெரியுமா?"

வீராசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பயமே இல்லை. நான் சொல்வேன் என்று அப்போதும் நம்பினான்.

"தெரியாது" என்றேன்.

மூன்று வருஷம் போட்டார்கள். வராந்தாவில் என்னைத் தாண்டிக் கூட்டிப் போகும்போது அவன் நின்றான். காறித் துப்புவான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வுடுங்க ஏட்டய்யா. உங்களுக்கும் புள்ளகுட்டி கீதுல்ல" என்றான்.

அவன் துப்பியிருக்கலாம்.