ஒரு முகம் நுழைகிற இடம்

இந்தக் காலத்தில் எவனும் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில்லை. செல்போனை எடுத்து மூக்குக்கு நேரே நீட்டுகிறான். அரக்கோணம் சாலையில் ஃபைபர் படகு செய்கிற நேசகுமாரும் அப்படித்தான். "படகுல அடைக்கிற ஃபோம் தண்ணி குடிக்குமா?" என்று கேட்டேன். ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

என் படகு அவன் கொட்டகையில் கிடந்தது. கார்த்திகையில் ஏரியில் காற்றடித்துக் கவிழ்ந்த படகு. நான் அடியில் மாட்டிக்கொண்டேன். வலை காலைச் சுற்றிவிட்டது. முன்பக்கம் வலை வைக்கிற பொந்துக்குள் தலை போய் இடித்தது. அங்கே ஒரு சாண் காற்று இருந்தது. அதில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தேன். மருமகன் பூபாலன் நீந்தி வந்து வலையை அறுத்து இழுக்கிற வரைக்கும் இருட்டும் என் மூச்சுச் சத்தமும்தான்.

மிதக்கிற ஃபோம் அடைக்காத படகு மறுநாள் முதல் ஏரியில் இறங்கக் கூடாது என்று மீனவர் சங்கத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சோறு அந்த ஒரு படகில்தான்.

திரும்பி வந்த நேசகுமார், உட்காரும் பலகைக்குக் கீழிருந்த பெட்டியை அறுத்துத் திறந்தான். உள்ளே காலி. அடியில் பசை மாதிரி ஏதோ, அதன்மேல் சேறு.

"இதுல இன்னா நைனா போட்ட?"

"டி.வி. பெட்டியில வர்ற தெர்மாகோல். இறுக்கி அடைச்சேன். உங்கிட்ட வாங்கின ஃபைபர் ஒட்டற ரெசினை ஊத்தி மூடினேன்."

சிரித்தான். "ரெசின் பட்டா தெர்மாகோல் கரைஞ்சிபூடும். வெறும் பெட்டியில ஏரியை ரொப்பிகினு போயிருக்க."

நான் நம்பவில்லை. ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினான். குழி விழுந்தது.

"விக்கும்போது ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலியே."

அப்புறம் இரண்டு வழி சொன்னான். இரண்டு மருந்தைக் கலந்து ஊற்றினால் பொங்கி மூலை முடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ரெசினுக்குக் கரையாத கறுப்பு ஃபோம் ஷீட்டை வெட்டி அடுக்கலாம்.

"ஊத்திடலாம் மாமா. இடுக்கே இருக்காது" என்றான் கூட வந்திருந்த பூபாலன்.

"பெட்டியில ஊத்து. முன்பொந்துல ஊத்தாத."

"அதுல போட்டாத்தான் முன்பக்கம் முழுவாது" என்றான் நேசகுமார்.

"என் மூக்கு எங்க போவும்?"

"கவுந்தா படகு ஓரத்தைப் புடிச்சிகினு தொங்கு. அடியில இன்னாத்துக்குப் போற?"

"நான் டிக்கெட் எடுத்துகினா போனேன்?"

ஒரு மக்கில் கொஞ்சம் கலந்து காட்டினான். பழுப்பாகப் பொங்கி, விளிம்பைத் தாண்டி, அப்படியே இறுகிவிட்டது. அழுத்தினேன். விரல் நுழைய இடமில்லை. மக்கைத் தள்ளி வைத்தேன்.

"ஷீட்டே போடு. பொந்து நடுவுல என் மூஞ்சி நுழையற அளவு விடு."

"மிதப்பு கொறையும் நைனா."

"கொறையறத பலகைக்கு அடியில சேத்துப் போடு."

முனகிக்கொண்டே ஒரு நூலை எடுத்து என் தலையை டெய்லர் மாதிரி அளந்தான். பூபாலன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். சாயங்காலத்துக்குள் வெட்டி ஒட்டி முடித்தார்கள். படகைத் தலைகீழாகப் புரட்டி நான்கு டயர்கள் மேல் வைத்தார்கள்.

"போய்ப் பாரு, நீ கேட்ட எடம்."

முழங்கால் போட்டுத் தலையை உள்ளே விட்டேன். ரெசின் நாற்றம். கன்னத்தில் ஷீட் உரசியது. இருட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது, அன்றைக்கு மாதிரியே. வெளியே வந்துவிட்டேன்.

"பத்தாது."

"அளந்துதான நைனா வெட்டினேன்!"

"பத்தாது."

"நாளைக்கு எறங்கறமா இல்லியா மாமா?" என்றான் பூபாலன். குரலில் சிரிப்பு இல்லை.

"நீ எறங்கு" என்றேன்.

முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். பின்னால் நேசகுமார் படகுக்கு அடியில் புகுந்து நூலை வைத்துப் பார்க்கிறான் போலிருக்கிறது. "சரியாத்தான கீது!" என்று உள்ளேயிருந்து கத்தினான். நான் திரும்பவில்லை.