உட்காரப் பழகியவள்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், சாந்துச் சட்டி சுமக்கும் பெண்களின் வரிசைக்கு அத்தாயிதான் முன்னோடி. பலகைப் பாதையில் அவள் வைக்கிற அடிதான் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் அடி. அவள் வேகமாக ஏறினால் வரிசை வேகமாக ஏறும். அவள் மூச்சு வாங்க நின்றால் வரிசை நிற்கும். மேஸ்திரி அர்த்தநாரி எல்லாரையும் திட்டுவார், அவளை மட்டும் திட்டமாட்டார். இழுக்கிற மாட்டை யாரும் குத்துவதில்லை.

அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் செல்லாயி இருந்தாள். ஒருநாள் சட்டியின் பாரத்தில் அவள் கழுத்தெலும்பு உள்ளே இறங்கிவிட்டது. செத்துப்போயிருந்தால் ஒரு நாள் அழுகையோடு முடிந்திருக்கும். அவள் சாகவில்லை. கட்டிலில் கிடந்தாள். யாராவது உள்ளே வந்தால் திரும்பிப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்து "யாரு?" என்று கேட்பாள். கூழ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கே அத்தாயி முடிவு செய்துவிட்டாள். நாற்பது வயதில் சட்டியை இறக்கிவிட வேண்டும். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து.

விழுந்த பிறகு நிற்பதுதான் ஊர் வழக்கம். தெம்பு இருக்கும்போதே நிற்பதற்கு வழக்கமும் இல்லை, யோசனை சொல்ல ஆளும் இல்லை. கட்டியவன் கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை கிடையாது. மேச்சேரிப் பக்கம் காட்டுவளவில், தம்பி காளியப்பன் வீட்டுக்கு எதிரே அவளுக்கென்று ஒரு குடிசை இருந்தது. தம்பிக்குச் சேவல் சண்டை தவிர வேறு தொழில் கிடையாது. அக்காள் கூலியில் பாதி அவன் வீட்டு அடுப்புக்குப் போயிற்று.

மீதிப் பாதியை அவள் ஆடாக்கினாள். காதுத் தோட்டைக் கழற்றி விற்று மேச்சேரிச் சந்தையில் இரண்டு பெட்டைக் குட்டிகள் வாங்கினாள். மேய்ப்பவன் சின்னண்ணனிடம் வாரத்துக்கு விட்டாள். தாயாடு அவளுக்கு, ஈனுகிற குட்டியில் பாதி அவனுக்கு. தன் பங்கில் கிடாயை விற்று மறுபடி பெட்டையாக வாங்கினாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேஸ்திரி முன்பணம் நீட்டுவார். மற்றப் பெண்கள் வாங்கிக்கொண்டு அடுத்த வருஷத்துக்கும் கட்டுப்பட்டார்கள். அத்தாயி கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பழைய சேலையையே ஒட்டுப்போட்டு உடுத்தினாள். கஞ்சப் பிசினாறி என்று பேர் வாங்கினாள். பேருக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் வருஷம் சின்னண்ணன் ஆடும் அவள் ஆடும் சேர்ந்து அந்தச் சுற்றுப்புறத்திலேயே பெரிய பட்டியாகிவிட்டது. அறுப்பு முடிந்த காட்டில் இராத்திரி பட்டி போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. அதற்குக் கூலியாகக் காட்டுக்காரர்கள் கம்பும் சோளமும் அளப்பார்கள். அவள் பங்கு ஒரு வயிற்றுக்குத் தாராளம். மழைக்காலத்துக்கு இரண்டு கிடாய் விற்றால் போதும்.

ஆடு சேர்ப்பது சுலபமாகத்தான் இருந்தது. சும்மா இருப்பது வரவில்லை.

அதையும் முன்கூட்டியே பழக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உச்சிவேளையில், தலைக்குக் குளித்துக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வாசல் வேம்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த மறு நிமிஷமே கை புல்லைப் பிடுங்கியது. குச்சியை ஒடித்தது. மண்ணைக் கூட்டிக் குவித்தது. சனியன் பிடித்த கை என்று இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். எதிரே வெறித்துப் பார்த்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த தம்பி பெண்டாட்டி மாரக்காள் அவளைப் பார்த்தாள். பட்டப்பகலில் விரித்த தலையோடு ஒரு பெண் வெறுங்கையாக உட்கார்ந்திருந்தால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அத்தாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ஐயோ, எங்க அண்ணனே!" என்று கூப்பாடு போட்டாள். நாலு வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி ஒப்பாரியில் இரண்டு அடி பாடியே முடித்துவிட்டாள்.

"ஆருடி செத்தது?" என்று அத்தாயி பதறிப்போய்க் கேட்டாள்.

"கண்டியிலிருந்து சேதி வரலீங்களா நங்கையா? அண்ணன் போயிட்டாருன்னு..." என்று மாரக்காள் நாத்தனாரைக் கேட்டாள்.

"அடச் சீ! அவன் செத்தா நான் எதுக்குடி உக்காரப் போறேன்? வேலைக்கில்ல போயிருப்பேன்!"

"அப்பறம் எதுக்குங்க இப்பிடி உக்காந்திருக்கறீங்க?"

"உக்காந்து பழகறேன்."

பாட ஆரம்பித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டாவது உக்காரலாமில்ல, ஒலைய எறக்கி வெச்சுட்டு வந்தேன்" என்று திட்டிவிட்டுப் போனாள். காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று மாரக்காள் அன்று சாயங்காலமே வேப்பிலை அடித்தாள். அத்தாயி அடிக்க விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தாள். அதற்கடுத்ததும். ஊருக்கு அலுத்துப்போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கும் அலுத்து, மடியில் கிடக்கப் பழகியது.

நாற்பது வயதானது. ஒரு சம்பள நாள் கூலியை வாங்கி முடிந்துகொண்டு, "நாளையிலிருந்து நான் வரலீங்க மேஸ்திரி" என்றாள்.

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்பறம்?"

"போதுமுங்க."

அர்த்தநாரி சிரித்தார். காய்ச்சல்காரி உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் சைக்கிளில் காட்டுவளவுக்கு வந்தார். பின்னால் தம்பி காளியப்பன், பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு வந்தான். அத்தாயி வேம்படியில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியின் தலைப்பாகை தெரிந்ததும் அவள் முழங்கால் தானாக எழுந்தது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள், உட்கார்ந்தபடி.

"அத்தாயி, விளையாட்டெல்லாம் போதும். உன்ற தம்பி பொங்கலுக்கு உன்ற பேரச் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கறான். இன்னும் ஒரு வருசம் நீ வரோணும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "எங்கடா அந்தக் காசு?"

"சேவல் வாங்குனேன் அக்கா."

"சேவல் எங்க?"

"மொதல் கட்டுலயே செத்துப்போச்சு."

மாரக்காள் எதிர் வாசலிலிருந்து, "நல்ல கொழம்பு வெச்சேன், அது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள்.

காளியப்பன் குரலைத் தாழ்த்தினான். "ஆட்டுல பாதிய வித்துக் கட்டீரலாம் அக்கா. மறுக்கா சேத்துக்கலாம்."

மறுபடி சேர்க்க இன்னும் ஐந்து வருஷம் ஆகும். பாதி ஆட்டை வைத்துக்கொண்டு பட்டி போட வந்தால் எந்தக் காட்டுக்காரனும் கூப்பிடமாட்டான். ஆட்டை விற்றாலும் சட்டிதான், விற்காவிட்டாலும் சட்டிதான். அத்தாயி வாயைத் திறப்பதற்குள் அர்த்தநாரி குரலை மாற்றினார்.

"காசு கெடக்குது, உடு. நீ இல்லாம வரிசை வரிசையாவே இல்ல. ஒருத்தி ஓடறா, ஒருத்தி நிக்கறா. ரெண்டு நாள்ல மூணு சட்டி ஒடஞ்சுது. உன்ற அடி மாதிரி வருமா?"

கடன் அவளை அசைக்கவில்லை. இது அசைத்தது. பலகைப் பாதையின் நுனியும், முன்னால் வெறும் வானமும், பின்னால் அத்தனை பாதங்களும் தன் பாதத்தைக் கேட்டு வைக்கிற சத்தமும் அவளுக்கு உடம்பெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே அவள் ஆள். இங்கே வேம்படியில் குந்தியிருக்கிற ஒரு பொம்பளை. எழுந்து போய்விடுவது எவ்வளவோ சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பழகியதெல்லாம் இந்த ஒரு காலைக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இப்ப முன்னால போறது ஆருங்க?" என்றாள்.

"குப்பாயி."

"அவ அடி நல்ல அடிதானுங்க. கொஞ்சம் பொறுங்க, கூடி வந்துரும். நாலஞ்சு வருசம் கழிச்சு அவளையும் எறக்கி உடுங்க. செல்லாயி மாதிரி வெச்சுக்காதீங்க."

"கை காலு நல்லா இருக்கறவ சும்மா இருக்கலாமா அத்தாயி? ஊரு சிரிக்காதா?"

"நல்லா இருக்கறப்பத்தானுங்க சும்மா இருக்கோணும். கெட்டதுக்கப்பறம் இருந்தா அதுக்குப் பேரு சும்மா இருக்கறதில்லீங்க, கெடக்கறது."

"அப்ப முன்பணம்?"

"நான் கை நீட்டுனனுங்களா?"

"தம்பி கை வேற, உன்ற கை வேறயா?"

"அப்பிடீன்னா அந்தக் கையவே கூட்டிட்டுப் போங்க."

காளியப்பன் தலை நிமிர்ந்தான். "அக்கா!"

"முப்பத்திரண்டு வயசு. சேவலத் தூக்கிக்கிட்டு சங்ககிரி வரைக்கும் நடக்கறான். கல்லுத் தூக்க மாட்டானுங்களா? ஆம்பளைக்குக் கூலியும் கூடத்தான். ஒரு வருசத்துக் கணக்கு சீக்கிரமே தீந்துரும்."

மேஸ்திரி காளியப்பனை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிற பார்வைதான் அது. தோளைத் தட்டிப் பார்த்தார். அணையில் கல் ஏற்ற ஆண்பிள்ளைகள் போதவில்லை. அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நாயமாத்தான் படுது" என்றார்.

"எனக்கு இடுப்பு வலிங்க மேஸ்திரி..."

"எப்பிருந்து?" என்று மாரக்காள் கேட்டாள்.

"இப்பத்தான்."

மாரக்காள் உள்ளே போனாள். ஒரு கிழிந்த சேலைத் துண்டைச் சும்மாடாக முறுக்கிக் கொண்டுவந்து புருஷன் தோளில் வைத்தாள். தூக்குப் போசியில் பழைய சோறும் கொடுத்தாள். கல்யாணமான பத்து வருஷத்தில் அவனை வேலைக்கு வழியனுப்புவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"இடுப்புப் புடிச்சா நின்னுறாதடா" என்று அத்தாயி தம்பிக்குச் சொன்னாள். "நின்னா இன்னும் புடிக்கும். முன்னால போறவனப் பாத்து அடி வெய்யி."

மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். காளியப்பன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் நேராக நடந்தான்.

வெயில் ஏறிய பிறகு சின்னண்ணன் கோலோடு வந்தான். "அக்கா, ராசப்பக் கவுண்டரு அவரு காட்டுல பட்டி போடச் சொல்றாரு. ஆனா தானியத்துல ஒரு வள்ளம் கொறச்சுக்கச் சொல்றாரு."

"ஆவாதுன்னு சொல்லு."

"சொன்னேன். அப்ப அத்தாயிகிட்ட நானே பேசிக்கறேன், எப்ப வந்தா ஊட்டுல இருப்பாங்கறாரு."

அத்தாயி காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

"எப்ப வேணாலும் வரச் சொல்லு" என்றாள். "நான் இங்கதான் இருப்பேன்."